சிகரெட்டை விடுவது: ஆசை வரும் அந்த ஐந்து நிமிடத்தை எப்படிக் கடப்பது

சிகரெட்டை விடப்போகிறேன் என்று சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் எடுத்து விடும் அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: "மனசு வைத்தால் முடியும்." மனசு வைக்காமலா ஒருவர் பாதி பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் போடுகிறார்? மனசு வைத்துத்தான் போடுகிறார். நாலு மணி நேரம் கழித்து அதே மனசுதான் "இன்னைக்கு ஒரு நாள் மட்டும், நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று கடைப்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. எந்த உதவியும் எடுத்துக்கொள்ளாமல் வெறும் வைராக்கியத்தை நம்பி விடுகிறவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டி நிற்பவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர்தான். மீதிப் பேர் எல்லாரும் கோழைகள் இல்லை, வெறுங்கையோடு போனவர்கள், அவ்வளவுதான்.

சிகரெட் கெடுதல் என்று இங்கே சொல்லப்போவதில்லை, அதைப் பாக்கெட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விடுவது என்று முடிவு செய்துவிட்டவர் முதல் சில வாரங்களை எப்படி ஓட்டுவது என்பதை மட்டும் பார்க்கலாம். அதற்கு முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தம் அடிக்கத் தோன்றும் ஆசையில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டும் வரும் விதம் வேறு, அடக்கும் விதமும் வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு "எனக்கு எதுவுமே வேலை செய்யவில்லை" என்று திரும்பிப் போனவர்கள் ஏராளம்.

உடம்பு கேட்பதும் சந்தர்ப்பம் கேட்பதும்

முதல் வகை, உடம்பு கேட்பது. புகையை உள்ளே இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, அங்கே டோபமைன் என்ற, இன்ப உணர்வைத் தூண்டும் ரசாயனம் சுரக்கிறது, ஒரு சின்ன நிம்மதி கிடைக்கிறது. ஆனால் ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அடுத்த 2 மணி நேரத்தில் அதிலும் பாதி. வருடக்கணக்கில் புகைத்தவர்களின் மூளையில் நிக்கோட்டினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மற்றவர்களைவிட அதிகமாகப் பெருகியிருக்கும். அவை காலியாகக் காலியாக எரிச்சல், பதற்றம், எதிலும் கவனம் நிற்காத நிலை, வாய் நமநமப்பு எல்லாம் தலைதூக்கும். இது மெதுவாக ஏறும், நாள் பூராவும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், இடம் பொருள் ஏவல் எதுவும் இதற்குத் தேவையில்லை. காலையில் கண் விழித்ததும் கை தானாகப் பாக்கெட்டைத் தேடுவது இதனால்தான், இரவு முழுக்க நிக்கோட்டின் இல்லாமல் கிடந்த உடம்பு அது.

இரண்டாவது, சந்தர்ப்பம் கேட்பது. சாப்பிட்டுக் கை கழுவியதும், காபி கைக்கு வந்ததும், போனில் நீளமாகப் பேச்சு இழுக்கும்போது, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்ததும், யாருக்காகவோ காத்திருக்கும்போது, ஒரு வேலையை முடித்துவிட்டு "அப்பாடா" என்று நிமிரும்போது. இது திடீரென்று வரும், விறுவிறுவென்று உச்சிக்கு ஏறும், பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில், மிஞ்சிப் போனால் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். நீங்கள் புகைத்தாலும் இறங்கும், புகைக்காவிட்டாலும் இறங்கும். இந்தக் கடைசி விஷயம்தான் பலருக்குத் தெரியாமல் போகிறது, ஏனென்றால் புகைக்காமல் அதை இறங்கவிட்டு அவர்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

உடம்பு கேட்பது சில வாரங்களில் அடங்கிவிடும். சந்தர்ப்பம் கேட்பது மாதக்கணக்கில், சில பேருக்கு வருடம் கடந்தும், எப்போதாவது எட்டிப் பார்க்கும். மூன்றாவது வாரத்தில் நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென்று ஒரு நாள் மாலை வெறி பிடித்ததுபோல ஆசை வரும், உடனே அவர் "இத்தனை நாள் கழித்தும் இப்படி என்றால் நான் காலத்துக்கும் அடிமைதான்" என்று முடிவு கட்டிவிடுவார். அது அடிமைத்தனம் திரும்பி வந்ததற்கு அறிகுறி இல்லை. மூளை பழைய சந்தர்ப்பம் ஒன்றை அடையாளம் கண்டுகொண்டது, அவ்வளவே.

இதோடு சேர்த்து ஒரு மாயையையும் கழற்றி வைத்துவிடலாம். "டென்ஷன் குறையுது, அதனால அடிக்கிறேன்" என்று எல்லாரும் சொல்வோம். குறைவது உண்மைதான். ஆனால் குறைகிற டென்ஷனில் பெரும்பங்கு போன சிகரெட் தீர்ந்ததால் உண்டானது. சிகரெட் தானே கிளப்பிய எரிச்சலைத் தானே அணைத்துவிட்டுப் பேர் வாங்கிக்கொண்டு போகிறது. விட்டவர்களையும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஒரு கட்டுரையில், விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் முன்பைவிடக் குறைந்திருப்பதாகத்தான் தெரிய வந்தது. முதல் இரண்டு மூன்று வாரம் மட்டும் இதற்கு நேர்மாறாக இருக்கும், அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

விடுவதற்கு முந்தைய வாரம்

ஒரு தேதி வையுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும், பிறந்தநாள், புத்தாண்டு என்று தள்ளிக்கொண்டு போக வேண்டாம். நல்ல நாளுக்காகக் காத்திருப்பவருக்கு அதற்கு முந்தைய நாள்கள் எல்லாம் புகைப்பதற்கான அனுமதியாக மாறிவிடும்.

அந்த நாள் வரை வழக்கம்போலப் புகைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். மணி என்ன, எங்கே இருந்தீர்கள், யாரோடு, அதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது. போனில் குறித்தால் போதும். ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் எதற்கென்றே தெரியாமல் பற்றவைத்தவை எத்தனை, உண்மையிலேயே தவித்துப் பற்றவைத்தவை எத்தனை என்று தெரிந்துவிடும். பலருக்கு ஒரு நாளில் நாலைந்து சந்தர்ப்பங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் தயாராக வேண்டியது அந்த நாலைந்துக்குத்தான், வாழ்நாள் முழுவதற்கும் அல்ல.

எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். நிக்கோட்டின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று மருத்துவர்கள் கணிப்பதற்குப் பயன்படுத்தும் கேள்விகளில் முக்கியமானது இதுதான். அரை மணி நேரத்துக்குள் என்றால் உடம்பின் தேவை பலமாக இருக்கிறது, வெறும் மன உறுதியோடு இறங்காதீர்கள், மருந்தின் துணை வேண்டும். 5 நிமிடத்துக்குள் என்றால் அதில் விவாதத்துக்கே இடமில்லை.

முந்தின நாள் இரவு வீடு, வண்டி, பை, அலுவலக மேசை டிராயர், பழைய சட்டைப் பை எல்லாவற்றையும் துழாவிப் பாக்கெட், லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். "அவசரத்துக்கு ஒண்ணு இருக்கட்டும்" என்று ஒளித்து வைக்கப்படும் சிகரெட் இருக்கிறதே, அது இரண்டாவது நாளே வெளியே வந்துவிடும். கடைக்குப் போய் வாங்க வேண்டும் என்றால் பத்து நிமிடமாவது ஆகும், அந்தப் பத்து நிமிடத்தில் ஆசையே இறங்கிவிடக்கூடும். வீட்டில் இருந்தால் பத்து விநாடி போதும்.

உடம்பு கேட்பதற்கு: பேட்ச், கம், மாத்திரை

நிக்கோட்டினை விடுவதற்கே நிக்கோட்டினா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். புற்றுநோய்க்கும் நுரையீரல் சேதத்துக்கும் காரணம் புகையில் இருக்கும் தாரும் மற்ற ரசாயனங்களும். நிக்கோட்டின் அடிமையாக்குகிறது, எரியும் புகையிலை கொல்கிறது. தோலில் ஒட்டும் பேட்சிலும் வாயில் போடும் கம்மிலும் வரும் நிக்கோட்டின் மெதுவாக ஏறுவதால் சிகரெட்டின் அந்தக் "கிக்" இருக்காது, ஆனால் அடியில் ஓடும் தவிப்பைக் குறைத்துவிடும். இவற்றைப் பயன்படுத்தினால் வெற்றி வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காகிறது.

பேட்ச்சை ஒரு நாளைக்கு ஒன்று, முடி இல்லாத, உலர்ந்த தோலில் ஒட்ட வேண்டும், தினமும் இடத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அரிக்கும். நாளுக்கு 10-க்கு மேல் புகைத்தவர்களுக்கு வழக்கமான கணக்கு 21 மில்லிகிராம் 6 வாரம், பிறகு 14 மில்லிகிராம் 2 வாரம், 7 மில்லிகிராம் 2 வாரம். குறைவாகப் புகைத்தவர்கள் 14-இல் ஆரம்பிப்பார்கள். கனவுகள் தாறுமாறாக வந்தால் படுக்கும் முன் எடுத்துவிடலாம்.

கம்மில்தான் பெரும்பாலானவர்கள் சொதப்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இது சாதாரண சூயிங்கம் மாதிரி மெல்லும் சமாசாரம் இல்லை. இரண்டு மூன்று தரம் மெதுவாகக் கடியுங்கள், காரமாகவோ சுருக்கென்றோ ஒரு உணர்வு வந்ததும் நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். அந்தச் சுருக் அடங்கியதும் மறுபடி ஓரிரு கடி, இந்தத் தடவை வேறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும். சவக் சவக்கென்று மென்று எச்சிலோடு விழுங்கினால் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல்தான் மிச்சம், பிறகு "இது எனக்கு ஒத்துக்கலை" என்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள். கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்னாலும், அது வாயில் இருக்கும்போதும், காபி, பழச்சாறு, சோடா வகையறா எதுவும் வேண்டாம். அவற்றின் அமிலத்தன்மை நிக்கோட்டினை வாயில் சேரவிடாது. எழுந்த அரை மணிக்குள் புகைப்பவர் என்றால் 4 மில்லிகிராம், இல்லையென்றால் 2 மில்லிகிராம். முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் சுமார் 12 வாரத்தில் முடிக்கலாம். நாளுக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. அவ்வளவெல்லாம் யாருக்கும் தேவைப்படாது, மாறாக மிகக் குறைவாகப் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள்தான் அதிகம்.

பேட்ச் அடியில் ஓடும் தவிப்பைப் பார்த்துக்கொள்ளும், ஆனால் திடீரென்று கிளம்பும் சந்தர்ப்ப ஆசையை அது அதிகம் தடுக்காது. அதற்குக் கம்மோ வாயில் கரையும் வில்லையோ கூட இருந்தால் உதவும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. என் கணிப்பில், நாளுக்கு ஒரு பாக்கெட்டை நெருங்கும் ஆள் இரண்டையும் சேர்த்தே ஆரம்பிப்பது நல்லது.

மாத்திரைகள் மருத்துவர் எழுதித் தர வேண்டியவை. வரெனிக்ளின் என்பது நிக்கோட்டின் உட்காரும் ஏற்பிகளிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும் மருந்து. கொஞ்சம் நிம்மதியைத் தானும் தரும், நடுவில் நீங்கள் புகைத்தாலும் அந்தச் சுகம் கிடைக்காமல் செய்துவிடும். விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே சிறு அளவில் தொடங்கி, மொத்தம் 12 வாரம் எடுப்பது வழக்கம். குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வரலாம். சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு போட்டால் குமட்டல் குறையும். இது மனநிலையைக் கெடுத்துவிடும் என்று ஒரு காலத்தில் பெரிய பயம் இருந்தது. 8,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில் அப்படிக் குறிப்பிடத்தக்க அதிகரிப்பு தென்படவில்லை, விட்டவர்களின் எண்ணிக்கையும் இந்த மருந்தில்தான் அதிகமாக இருந்தது. இன்னொரு மாத்திரை புப்ரோபியான், வலிப்பு நோய் வந்தவர்களுக்கு அது ஆகாது. கர்ப்பிணிகள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் எதை எடுப்பதானாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

இ-சிகரெட் பற்றிக் கேட்பீர்கள். அதை வைத்து சிகரெட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள், ஆய்வுகளும் அதற்குச் சாதகமாக இருக்கின்றன. ஆனால் பல நாடுகளில் தடை இருக்கிறது, பலர் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதில் போய் நிற்கிறார்கள். மேலே சொன்ன வழிகள் கையில் இருக்கும்போது நான் அதை முதலாவதாகச் சொல்ல மாட்டேன்.

முதல் சில நாள்கள்

கடைசி சிகரெட் முடிந்து சில மணி நேரத்திலேயே தவிப்பு ஆரம்பித்துவிடும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தில் இருக்கும், முதல் வாரத்துக்குப் பிறகு படிப்படியாக இறங்கி இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த இரண்டு மூன்று நாள் நீங்கள் எரிந்து விழுவீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "இந்த வாரம் நான் கத்தினால் கண்டுக்காதீங்க, வாதம் பண்ணாதீங்க" என்று. "இப்படிக் கத்துறதுக்கு நீ குடிச்சே தொலைக்கலாம்" என்று வீட்டிலேயே யாராவது சொல்லிவிட்டால் அதோடு கதை முடிந்தது.

காபி குடிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சிகரெட் புகையில் இருக்கும் சில ரசாயனங்கள் கல்லீரலை வேகப்படுத்தி, உடம்பிலிருந்து காஃபினைச் சீக்கிரம் வெளியேற்ற வைக்கின்றன. புகைப்பதை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும், அதே அளவு காபிக்கு ரத்தத்தில் இருக்கும் காஃபின் இரண்டு மடங்குகூட ஆகலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லாமை எல்லாம் வரும், நீங்களோ சிகரெட்டை விட்டதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்வீர்கள். எத்தனை தடவை குடிக்கிறீர்களோ அதில் பாதியாக்குங்கள், மத்தியானத்துக்கு மேல் வேண்டாம். காபியும் சிகரெட்டும் ஜோடியாகவே போனவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, ஆசை கிளம்பும் சந்தர்ப்பமும் பாதியாகிறது.

இதே கல்லீரல் விவகாரத்தால் சில மருந்துகளின் அளவும் மாறும். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநல மருந்துகளில் க்ளோஸபின், ஓலான்ஸபின் எடுப்பவர்கள் சிகரெட்டை விடப்போவதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பழைய அளவே அதிகமாகிவிடக்கூடும். இன்சுலின் போடுபவர்களும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இருமல் கூடலாம், பயப்பட வேண்டாம், நுரையீரல் குழாய்களில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கிச் சளியை மேலே தள்ளுகின்றன. சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ ரத்தம் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மலச்சிக்கலும் சகஜம், தண்ணீரும் நார்ச்சத்தும் பார்த்துக்கொள்ளும்.

அந்த ஐந்து நிமிடம்

சந்தர்ப்ப ஆசை வரும்போது அதோடு வாதம் செய்யாதீர்கள். "வேணாம், வேணாம், நான் அடிக்கப்போறதில்லை" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பதும் சிகரெட்டைப் பற்றி நினைப்பதுதான். செய்ய வேண்டிய முதல் வேலை எழுந்து இடத்தை மாற்றுவது. உட்கார்ந்திருந்தால் நில்லுங்கள், நின்றால் நடங்கள், வேகமாக, மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு. வேகமாக நடக்கும்போதும் நடந்து முடித்த பிறகு கொஞ்ச நேரத்துக்கும் புகைக்கும் ஆசை குறைந்திருக்கிறது என்பது பல சோதனைகளில் பார்க்கப்பட்ட விஷயம். மாடிப்படி ஏறி இறங்கினாலும் சரி.

நடக்க முடியாத இடம் என்றால், கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது, பயணத்தில் இருக்கிறீர்கள் என்றால், மூச்சு கைகொடுக்கும். புகைப்பதில் ஒரு பாதி ஆழமாக மூச்சு இழுத்து மெதுவாக விடுவதுதானே, அதையே சிகரெட் இல்லாமல் செய்யுங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வாயால் விடுங்கள், பத்துப் பதினைந்து தடவை. அதோடு ஆசை உடம்பில் எங்கே தெரிகிறது என்று வேடிக்கை பாருங்கள். சிலருக்குத் தொண்டையில், சிலருக்கு நெஞ்சில், சிலருக்கு விரல் நுனியில். அதை விரட்டவும் வேண்டாம், அதற்குப் பணியவும் வேண்டாம், ஏறுவதையும் இறங்குவதையும் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். கேட்கும்போது சாமியார் வேலை மாதிரி இருக்கும், எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் ஒரு தடவை அது தானாக இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த தடவை அதன் மேல் பாதி பயம் போய்விடும்.

வாய்க்கும் கைக்கும் ஏதாவது கொடுத்து வையுங்கள். குளிர்ந்த தண்ணீரை உறிஞ்சு குழலில் குடிப்பது, ஏலக்காய், கிராம்பு, சர்க்கரை இல்லாத மிட்டாய், விரலில் உருட்ட ஒரு பேனா. சாப்பிட்டதும் வரும் ஆசைக்குப் பல் துலக்குவது நன்றாக வேலை செய்யும், பற்பசை வாயோடு சிகரெட் ருசிக்காது.

முன்பு எழுதி வைத்தீர்களே அந்த நாலைந்து சந்தர்ப்பம், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மாற்று வேலையை இப்போதே முடிவு செய்து வையுங்கள். "சாப்பிட்டு எழுந்ததும் பல் துலக்குவேன்", "போன் வந்தால் அறைக்குள் நடந்துகொண்டே பேசுவேன்", "திட்டு வாங்கினால் கம்மைப் போட்டுக்கொண்டு படியிறங்குவேன்" என்று இவ்வளவு குறிப்பாக இருக்க வேண்டும். ஆசை உச்சத்தில் இருக்கும்போது யோசித்து முடிவெடுக்க மூளை ஒத்துழைக்காது, ஏற்கெனவே எடுத்த முடிவை நடத்துவது மட்டும்தான் அப்போது முடியும்.

முதல் இரண்டு மூன்று வாரம் கூடுமானவரை அந்தச் சந்தர்ப்பங்களைத் தவிருங்கள். அதன் பிறகு தவிர்ப்பதை நிறுத்துங்கள், இதை எல்லாரும் சொல்வதில்லை. காபியும் சிகரெட்டும் மூளையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன என்றால், காபியை விட்டு ஓடுவதால் அந்த முடிச்சு அவிழாது. காபி வந்தது, சிகரெட் வரவில்லை, ஆசை ஏறியது, இறங்கியது என்று பல தடவை நடந்தால்தான் மூளை பழைய கணக்கை அழிக்கும். ஆகவே கொஞ்சம் தெம்பு வந்ததும் பையில் கம்மோடு, நிதானமான ஒரு நாளாகப் பார்த்து, ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும் வேண்டுமென்றே சந்தியுங்கள்.

மது மட்டும் இதற்கு விதிவிலக்கு. விட்டவர்கள் வழுக்கி விழும் இடங்களில் அது எப்போதும் முன்வரிசையில் இருக்கிறது, ஏனென்றால் ஆசையை அது கிளப்பிவிடுகிறது, தடுக்கும் புத்தியையும் தூங்க வைத்துவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடிந்தால் நல்லது.

ஓசி தம் நீட்டுகிற நண்பர்களிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். "விட்டுப் பார்க்கிறேன்டா" என்றால் அவனுக்கு அது சவால், "நான் அடிக்கிறதில்லை" என்றால் விஷயம் முடிந்தது. அவர்கள் பற்றவைக்கும்போது கொஞ்சம் தள்ளிப் போய்விட்டு, முடிந்ததும் வந்து சேர்ந்துகொள்ளுங்கள், நட்பு எங்கேயும் போய்விடாது.

குறைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. நாளுக்கு 20 பிடிப்பவர் ஒன்றாகக் குறைத்தால் இதய நோய் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகிவிடும் என்று தோன்றும். 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நாளுக்கு ஒன்று பிடிப்பவருக்கே 20 பிடிப்பவரின் கூடுதல் இதய நோய் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருந்தது. "லைட்" சிகரெட்டும் அப்படித்தான், ஃபில்டரில் இருக்கும் காற்றுத் துளைகளை விரலோ உதடோ மூடிவிடும், உடம்பும் தனக்கு வேண்டிய நிக்கோட்டினுக்காக ஆழமாக இழுத்துக்கொள்ளும். விடுவதற்கான வழியாகக் குறைப்பது வேறு விஷயம், தேதி வைத்துப் படிப்படியாகக் குறைத்துப் பூஜ்யத்துக்கு வந்தால் தவறில்லை. தேதி இல்லாத குறைப்பு மட்டும் பெரும்பாலும் பழைய எண்ணிக்கைக்கே திரும்பிவிடும். மிச்சமிருக்கும் அந்த மூன்று சிகரெட் முன்பைவிட ருசியாகி, நாள் முழுக்க அவற்றுக்காகவே காத்திருப்பீர்கள்.

இந்த வயசுக்கு மேல் விட்டு என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு: 1951-இல் தொடங்கி 50 வருடம் பிரிட்டிஷ் ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு 2004-இல் வெளியானது. அதன்படி 60 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 வருடமும், 50-இல் விட்டவர்களுக்கு 6 வருடமும், 40-இல் 9, 30-இல் 10 வருடமும் ஆயுள் கூடுதலாகக் கிடைத்தது.

எடை கூடுவது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. சராசரியாக முதல் வருடத்தில் 4, 5 கிலோ ஏறுகிறது, அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். பசி கூடுகிறது, நிக்கோட்டின் எரித்துக்கொண்டிருந்த கொஞ்சம் கலோரியும் மிச்சமாகிறது, வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதே நேரத்தில் பட்டினி கிடந்து எடையையும் பிடிக்கப் பார்க்காதீர்கள், பசித்த வயிற்றில் ஆசை இரட்டிப்பாக வரும். நடையைத் தொடருங்கள், எடையை மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று பிடித்துவிட்டால்

ஒன்றைப் பற்றவைத்தவர்களில் பெரும்பாலானோர் முழுதாகத் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஒரு சிகரெட்டின் நிக்கோட்டினைவிட அதற்குப் பிறகு மனசு பேசும் பேச்சுதான் இதில் அதிக வேலை செய்கிறது: "எல்லாம் போச்சு, இனி எதுக்கு?" எதுவும் போகவில்லை. பாதி எரிந்திருந்தால் பாதியில் அணையுங்கள். பாக்கெட்டாக வாங்கியிருந்தால் மீதியைத் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள், "காசு கொடுத்து வாங்கினது" என்ற கணக்கு இங்கே வேண்டாம். பேட்ச் ஒட்டியிருந்தால் அதைக் கழற்ற வேண்டியதில்லை, மருந்தை அப்படியே தொடருங்கள். அப்புறம், எந்தச் சந்தர்ப்பத்தில் விழுந்தீர்கள் என்று பழைய குறிப்பிலேயே ஒரு வரி சேருங்கள். அது பட்டியலில் இல்லாத ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்கும் ஒரு மாற்று வேலையை எழுதி வைத்துவிட்டு, தேதியை மாற்றாமல் தொடருங்கள். முழுதாகவே திரும்பிவிட்டாலும் அடுத்த தேதியைத் தள்ளி வைக்க வேண்டாம், நிலையாக விட்டவர்களில் பலர் முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் இல்லை.

பல நாடுகளில் புகையிலையை விட உதவும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது, அழைத்தால் பயிற்சி பெற்ற ஒருவர் பேசுவார், பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். மருந்தோடு இப்படிப் பேச ஒரு ஆளும் இருந்தால் இரண்டும் சேர்ந்து தனித்தனியைவிட நன்றாக வேலை செய்கின்றன. கூச்சப்பட வேண்டியதில்லை.

மூன்று மாதம் தாண்டியவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. தினசரிச் சந்தர்ப்பங்கள் அதற்குள் பழகிப் போயிருக்கும், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வருகிறவை இருக்கின்றன. பழைய நண்பர்கள் கூடும் நாள், நீண்ட பயணம், ஒரு சாவு வீடு, தேர்வோ கணக்கு முடிப்போ நெருக்கும் வாரம். அவற்றை நீங்கள் சிகரெட் இல்லாமல் இன்னும் ஒருமுறைகூடக் கடக்கவில்லை, அதனால் ஆசை பழைய பலத்தோடு வரும். அப்படி ஒன்றுக்குக் கிளம்பும் முன் இரண்டு கம்மைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே புகைக்காதவர் யார், யார் பக்கத்தில் நிற்கலாம் என்றும் போகும் வழியிலேயே யோசித்து வையுங்கள். தேவைப்படாமல் திரும்பி வந்தால் கம்மை டிராயரில் வைத்துவிடலாம், அடுத்த தடவை எடுக்கும் முன் காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.